வலது வளைவில் மட்டும் நிற்கும் காடி

காடி ரிப்பேர் தொழிலில் ஒரு சாபக்கேடு உண்டு: கஸ்டமரிடம் பத்துத் தடவை நின்ற காடி, நம் ஒர்க்‌ஷாப் வாசலை மிதித்ததும் நல்ல பிள்ளையாக ஓடும். கையில் கிரீஸும் வாயில் சமாதானமுமாகப் பிழைப்பு நடத்தும் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்? மலேசியாவில், பினாங்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஜுருவில் நானும் முருகையாவும் கூட்டாக ஒர்க்‌ஷாப் வைத்து இருபது வருஷமாகிறது. நான் சொல்லப்போகும் இந்தக் காடி என் மானத்தை வாங்கிய மாதிரி வேறெதுவும் வாங்கியதில்லை.

எதற்கும் இருக்கட்டும்

காடி ஸ்டெல்லா என்கிற பொண்ணுடையது. பாயான் லெப்பாஸ் சிப் ஃபேக்டரியில் என்ஜினியர். வேலை நேரம் முழுக்கத் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. கண் மட்டும்தான் வெளியே தெரியும். லீவு கிடைத்தால் சிவப்பு நிற ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொண்டு தெற்கே ரேஸ் ட்ராக்குக்குப் போய்விடும். நேர் ரோட்டில் முழுசாக மிதித்தால் காடி விக்குகிறது என்று கொண்டு வந்தது. எண்ணெய் சரியாக வரவில்லை. காரைக் காடி என்பது போலப் பெட்ரோலையும் எங்கள் ஊரில் எண்ணெய் என்றுதான் சொல்வோம். ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே ஒரே சேறு.

ஃபில்டரோடு நிறுத்தியிருக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று டாங்க்குக்குள் இருக்கும் பம்ப்பையும் நானே புதிதாக மாட்டினேன். டாங்க்கை நிரப்பி, வழக்கம்போல் பினாங்கு பாலத்தில் ஓட்டி, சூலியா தெருவில் நாசி கண்டார் சோறும் கறியும் சாப்பிட்டுத் திரும்பினேன். எங்கள் டெஸ்ட் அதுதான். காடி வெண்ணெய் மாதிரி போனது. சாவியைக் கொடுக்கும்போது முருகையா கேட்டான்: “காடிக்கு டெஸ்ட் பண்ணியா, கறிக்கு டெஸ்ட் பண்ணியா?”

போன் வந்தது

அடுத்த வாரம் ட்ராக்கிலிருந்து ஸ்டெல்லாவின் போன். மூன்றாவது சுற்றில், வளைவில் என்ஜின் இருமி நின்றுவிட்டதாம். பின்னால் வந்த காடி மயிரிழையில் ஒதுங்கிப் போனதாம். “இன்னொரு தடவை நின்னா வித்துடுறேன்னு வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்துட்டேன். அவரு வாங்குறதுக்கு ஆளே பார்த்து வச்சிட்டாரு” என்றது. அந்தக் காடியில் உட்கார்ந்தால்தான் தன் முகம் தனக்கே ஞாபகம் வருகிறது என்று முன்பு ஒருமுறை சொல்லியிருந்தது. அதை நினைத்தால் எனக்கு எரிச்சலும் வருத்தமும் சேர்ந்து வந்தன.

நான் பேச வாயெடுப்பதற்குள் ஸ்டெல்லாவே முடித்தது: “முன்ன நேரா போறப்ப நின்னுச்சு, இப்ப வளையறப்ப நிக்குது. நீங்க ரிப்பேர் பண்ணல கனி அண்ணே, எடத்தை மாத்திக் கொடுத்திருக்கீங்க!”

எட்டுச் சுற்று

காடி ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி வந்ததும் பாலத்தில் மூன்று தடவை ஓட்டினேன். ஒரு தும்மல்கூட இல்லை. பாலத்தில் அப்படிப்பட்ட வளைவு ஏது? பிறகுதான் புத்தி வந்து, ஜுருவில் கார் ஷோரூம்கள் இருக்கிற வளாகத்து ரவுண்டபவுட்டைச் சுற்ற ஆரம்பித்தேன். டாங்க் நிறைய எண்ணெய், எட்டுச் சுற்று. எனக்குத் தலைதான் சுற்றியது, காடிக்கு ஒன்றுமில்லை. வாசலில் இருந்த செக்யூரிட்டி பெரியவர் எழுந்து ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார்: “வழி தெரியலையா தம்பி? வெளிய போற சிம்பாங் சந்தி அந்தப் பக்கம் லா!”

ஊசியைப் பார்

வேறு வழியில்லை, நானே ட்ராக்குக்குப் போனேன். முருகையாவும் டூல்ஸோடு வந்தான். எண்ணெயின் அழுத்தம் காட்டும் மீட்டரை நீளக் குழாயில் மாட்டி, பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, முன் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டினோம். கனம் குறைய வேண்டும் என்று ஸ்டெல்லா அங்கே எப்போதும் அரை டாங்க்கில்தான் ஓட்டுமாம். அந்தச் செய்தி எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், நான் கேட்டால்தானே!

இருபது வருஷம் காடிக்கு அடியில் படுத்தவன், இந்த வேகத்தில் உள்ளே உட்கார்ந்ததில்லை. முதல் வளைவிலேயே யா அல்லாஹ் என்று கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த ஸ்டெல்லாவின் குரல் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்தது: “கண்ணைத் திறந்து மீட்டரைப் பாருங்கண்ணே, அதுக்குத்தானே வந்தீங்க!”

என் கை வேலை

பார்த்தேன். இடது வளைவில் ஊசி அசையவில்லை. நீளமான வலது வளைவில் மெல்ல இறங்கியது. மூன்றாவது சுற்றில் பொத்தென்று விழுந்தது, என்ஜின் இருமியது. ஓரங்கட்டி உள்ளே வந்து, சூடு ஆறட்டும் என்று காத்திருந்து, தீயணைக்கும் சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பம்ப்பைத் தூக்கினேன். அதன் அடியில் ஒரு சல்லடை இருக்கும். எண்ணெய் தேங்கும் சின்னப் பெட்டிக்குள் அது உட்கார வேண்டும். இங்கே அது திரும்பிக்கொண்டு டாங்க்கின் வலது ஓரத்தில் கிடந்தது. வலது பக்கம் வளைந்தால் எண்ணெய் முழுக்க இடது பக்கம் ஓடிவிடும். பம்ப் காற்றைத்தான் குடிக்கும். டாங்க் நிறைந்திருந்தால் தெரியவே தெரியாது.

மாட்டியவன் நான். பம்ப்பே மட்டமான சாமான் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது, மறைக்க மாட்டேன். முருகையா என்னையே பார்த்தான். அன்று பின்னால் வந்த அந்தக் காடி ஒதுங்காமல் இருந்திருந்தால்? “தங்கச்சி, முன்ன விக்கினதுக்கு ஃபில்டர்தான் கோளாறு. வளைவுல நின்னது என் தப்பு. சல்லடையைத் தப்பா மாட்டிட்டேன். மன்னிச்சிரு” என்றேன். சல்லடையை நீட்டினேன்.

ஸ்டெல்லா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தது. “எங்க ஃபேக்டரில தப்பை மறைச்சவனத்தான் வீட்டுக்கு அனுப்புவோம். ஒத்துக்கிட்டவனுக்குத் தே தாரேக் டீ உண்டு. குடிச்சிட்டுச் சரியா மாட்டுங்க.”

அதே அரை டாங்க்

மாட்டினேன். முருகையா டார்ச் அடித்துப் பார்த்தான், அப்புறம் ஸ்டெல்லா பார்த்தது. இந்தத் தடவை பக்கத்து சீட்டில் முருகையாவை ஏற்றிவிட்டு நான் வேலியோரம் நின்றேன். மூன்றாவது சுற்றில் வலது வளைவு வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சிவப்புக் காடி சத்தம் குறையாமல் என்னைத் தாண்டிப் போனது. நாலு, அஞ்சு, ஆறு. ஏழாவது சுற்று முடிந்து இறங்கிய முருகையா வெளிறிய முகத்தோடு கட்டை விரலைக் காட்டினான், ஊசி அசையவேயில்லையாம்.

ஸ்டெல்லா ஹெல்மெட்டைக் கழற்றியது. வேர்வையில் நனைந்த முகம் முழுக்கச் சிரிப்பு. வீட்டுக்காரருக்குப் போன் போட்டது: “வாங்க வர்றவர்கிட்ட ஒரு சாரி சொல்லிடுங்க. காடி வீட்டுக்கு வருது, நான்தான் ஓட்டிட்டு வர்றேன்!”

இப்போதெல்லாம் எந்த ஸ்போர்ட்ஸ் கார் வந்தாலும் பாலத்தோடு நிறுத்தாமல் அரை டாங்க்கோடு அந்த ரவுண்டபவுட்டையும் எட்டுத் தடவை சுற்றிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறேன், செக்யூரிட்டி பெரியவர்தான் பாவம், இன்னும் எனக்கு வெளியே போகிற வழியைக் காட்டிக்கொண்டே இருக்கிறார்.