பதினொன்றின் இடுப்பு

இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூக்கு திரையில் முட்டிவிடும் அளவுக்குக் குனிந்து நிற்கிறார். எதிரே பதினான்கு அங்குல டப்பா டிவி. அதில் முக்கால் சாண் உயரத்துக்கு வெள்ளையாக ஒரு பதினொன்று. ரம்பம் வைக்குமுன் தச்சர் பலகையைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. ஒரு நிமிடம் கழித்து நிமிர்ந்து, “ஒரு மயிரிழை இழுக்குது” என்று காற்றிடம் புகார் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏதோ தட்டுகிறார். எழுந்து வந்து மறுபடி குனிகிறார். கண் மறுபடி மூடிக்கொள்கிறது. காலையிலிருந்து இது பதினேழாவது முறை.

ஏன் பதினொன்று என்று கேட்டால் சொல்வார்: எட்டும் மூன்றும் வளைந்தே பிறந்தவை, அவற்றை வைத்து ஒன்றையும் நிரூபிக்க முடியாது, பதினொன்றில் இரண்டு நேர்கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, பொய் சொன்னால் காட்டிக் கொடுத்துவிடும்.

பிழைப்புக்கு அவர் எடைமெஷின் பழுது பார்ப்பவர். முப்பது வருடமாக வலது கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, எறும்பு சைஸ் உதிரிகளைச் சூடுகோலால் ஒட்டியும் பிரித்தும் வருகிறார். இடது கண் சின்ன வயதிலிருந்தே சோம்பேறி. படிக்கட்டில் விழாமல் இறங்கத்தான் லாயக்கு. வலது கண்ணைப் பற்றி மட்டும் அவருக்கு அடக்கம் கிடையாது. “என் கண்ணு தராசுங்க. இன்னொருத்தர் முத்திரை வேண்டாம்” என்பார்.

தெருவில் அவர் பெயர் அறுபத்துநாலு. வயது என்று நினைப்பவர்கள் உண்டு; வயதுக்கு இன்னும் ஏழு வருடம் பாக்கி. டிவி திரையில் ஒரு கோடு ஓடி முடிய அறுபத்துநாலு மைக்ரோ செகண்டு ஆகும் என்பதை, முடி வெட்டுபவர், பால் ஊற்றுபவர், வழி கேட்டு வந்தவர் என்று எவரையும் விடாமல் சொன்னதால் வந்த பெயர் அது. இரண்டு டீயின் விலைக்குக் கிடைக்கும் ஒரு விரல்நக அகலச் சிப்பை வைத்து டிவியில் படம் வரவழைக்கிறார். இரண்டே இரண்டு ரெசிஸ்டர். ஒன்று கோடு எங்கே தொடங்குகிறது என்று டிவிக்குச் சொல்லும், இன்னொன்று வெளிச்சம் கொடுக்கும். அவ்வளவுதான் சாமான். மிச்சமெல்லாம் நேரம்.

“ஒரு கோட்டுக்குள்ள அது ஆயிரத்து இருபத்துநாலு தடவ துடிக்கும். ஒரு துடிப்பு பிசகினா கோடு நகர்ந்துடும். படத்துக்கு முந்நூத்திப் பன்னண்டு கோடு, செகண்டுக்கு அம்பது படம். மூச்சு விட நேரம் இல்லீங்க அதுக்கு.”

சொல்லும்போது, வேலைப்பளு மிகுந்த நெருங்கிய உறவினரைப் பற்றிப் பேசுவதுபோல் குரலில் ஒரு கவலை வந்துவிடும்.

சிப்பின் ஞாபகசக்தி ஒன்றரைப் பக்கக் கடிதம் அளவு. அதில் முக்கால் பங்கைப் படமே தின்றுவிடும். கலர் வராது. கறுப்பு, வெள்ளை, அவ்வளவுதான். நடுவில் சாம்பல்கூடக் கிடையாது. படம் போட்டுக்கொண்டிருக்கும்போது பட்டனை அழுத்தினாலும் அதற்குத் தெரியாது. கடைசிக் கோடு முடிந்து அடுத்த படத்தின் முதல் கோடு தொடங்குவதற்குள் கிடைக்கும் இடுக்கில்தான் தலை நிமிர்ந்து, யாராவது கூப்பிட்டார்களா என்று பார்க்கும். இதை அவர் விளக்கியபோது, பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த மனைவி மெஷினை நிறுத்தாமலே, இருபத்தாறு வருடமாக அப்படி ஒன்றோடுதான் குடித்தனம் நடத்துவதாகச் சொன்னாள்.

அவர் விளக்கியவற்றுள் அவளுக்கு மிகவும் பிடித்தது ஒரு கட்டளை. சிப்புக்குக் கொடுக்கும் கட்டளைகளில் ‘ஒரு துடிப்புக்குச் சும்மா இரு’ என்று ஒன்று உண்டு. ஒரு கோட்டுக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிட்டால், மற்றக் கோடுகளோடு சமமாக நிற்க, அங்கங்கே சில ‘சும்மா இரு’க்களைச் செருக வேண்டும். எந்த இடத்தில் எத்தனை என்பதுதான் கலையே என்றார்.

“அதுல உங்களுக்கு என்னங்க சிரமம், தானா வருமே” என்றாள்.

விளையாட்டாக இருந்தவரை யாருக்கும் தொல்லையில்லை. பக்கத்துக் கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருநாள் அவரிடம், தன் காத்திருப்பு அறைச் சுவரில் சிமெண்ட் வைத்துப் பதித்த இரும்புத் தாங்கியும், அதில் எதையும் காட்டாத ஒரு பழைய டிவியும் இருப்பதாகச் சொன்னார். உள்ளேயிருந்து பட்டனை அழுத்தினால் அடுத்த டோக்கன் எண் அதில் வர வேண்டும், முடியுமா என்றார். அந்த இடத்துக்கு மனைவியின் தம்பி ஏற்கெனவே ஒரு தட்டை டிவிக்கு விலை சொல்லி வைத்திருந்தான். அவன் தொழில் அது. “கலரு வராது, எழுத்து வராது, நம்பர் மட்டும் வரும்னா அதுக்கு எதுக்கு மாமா டிவி, ஒரு சிலேட்டு மாட்டலாமே” என்று சாப்பாட்டு மேஜையில் சொல்லியும் விட்டான். அவர் பாதித் தட்டில் கை கழுவிக்கொண்டு எழுந்தார். டாக்டரம்மா இரண்டு வாரம் தவணை கொடுத்தார்; சரியாக ஓடினால் அது, இல்லையென்றால் தட்டை டிவி.

முதல் வாரம் ஓடியது. நோயாளிகள் அண்ணாந்து பார்த்தார்கள், எண் மாறியதும் எழுந்து போனார்கள். அவருக்குக் கிடைத்த பாராட்டு அதுதான். அது போதுமாகவும் இருந்தது. ஆனால் தினமும் காலையில் கூட்டம் சேருமுன் போய், நாற்காலி மேல் ஏறி, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். எண்ணின் நடுப்பகுதி ஒரு மயிரிழை இடப்பக்கம் உள்வாங்கியதுபோல் தெரியும். சிப்பைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, நடுக் கோடுகளில் ஒரு ‘சும்மா இரு’ சேர்த்து, சரியாகிவிட்டது என்று மாட்டிவிட்டுப் போவார். மறுநாள் மறுபடி உள்வாங்கியிருக்கும். நாளுக்கொன்று சேர்த்தார். வெயில் என்றார், மின்னழுத்தம் என்றார், டிவிக்கு வயதாகிவிட்டது என்றார்.

வீட்டு டிவியில் அதே எண்ணைப் பார்த்த மனைவி, வலப்பக்கம் இடுப்பு ஒடிந்து நிற்கிறதே என்று ஒரு தடவை சொன்னாள். கால்சட்டைத் தையல் நேராக ஓடுகிறதா என்று விரலாலேயே அளப்பவள் அவள். “உன் கண்ணாடியத் துடைச்சுட்டுப் பாரு” என்று சொல்லிவிட்டார்.

இரண்டாம் வாரம் கண் ஆஸ்பத்திரியில் ஒரு வினோதம் தொடங்கியது. பார்வை மங்கல் என்று வந்தவர்கள், கண்ணாடி மாற்ற வந்தவர்கள், தூசு விழுந்தது என்று வந்தவர்கள், எல்லாரும் உள்ளே போய் ஒரே மாதிரி சொன்னார்கள்: நேர்கோடு வளைவாகத் தெரிகிறது. டாக்டரம்மா மூன்று பேருக்குக் கண்ணில் மருந்து விட்டு, விழித்திரை வரை பார்த்தார். மூன்று பேருக்கும் பளிங்கு. நாலாமவர் ஒரு கொத்தனார். எங்கே வளைவாகத் தெரிந்தது என்று கேட்டதற்கு, “வெளிய டிவியிலதாம்மா. எனக்கு மட்டுமில்ல, பக்கத்துல இருந்தவருக்கும் அப்படித்தான் தெரியுதாம்” என்றார். டாக்டரம்மா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். பதினொன்று, யாருக்கோ காத்திருந்து கால் மாற்றி நிற்பதுபோல், இரண்டு இடுப்புகளையும் ஒரே பக்கம் தள்ளிக்கொண்டு நின்றது.

ஆள் அனுப்பினார்கள். சூடுகோலையும் பெருமையையும் எடுத்துக்கொண்டு வந்தார். நாற்காலி மேல் ஏறினார், கண்ணை மூடினார், பார்த்தார்.

“கம்பி மாதிரி நேரா இருக்கு மேடம்.”

சீட்டுக் கொடுக்கும் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவர் டிவியைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நீங்க எப்பவும் அந்தக் கண்ணாலதான் பாப்பீங்களா?”

“ஆமா. இதான் நல்ல கண்ணு.”

“அத மூடிட்டு இன்னொண்ணால பாருங்க.”

மூடினார். சோம்பேறிக் கண் கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு எண்ணைக் கண்டுபிடித்தது. அவர் நாற்காலியிலிருந்து உடனே இறங்கவில்லை. கண்களை மாற்றி மாற்றி மூடித் திறந்தார்; ஒன்றில் கம்பி, மற்றதில் இடுப்பு. பிறகு, பிழை சிப்பில் இல்லை என்பதைத் தனக்கே அறிவிப்பதுபோல், “அப்ப அது துல்லியமாத்தான் ஓடிருக்கு” என்றார். ஒரு நொடி அவர் முகத்தில் தெரிந்தது சந்தோஷம்தான்.

உள்ளே கூட்டிப்போய்ச் சோதித்தார்கள். வலது விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருந்தது. சீக்கிரம் வந்தது நல்லது, ஊசி போட்டால் மேலே போகாமல் நிறுத்தலாம், ஆனால் வளைந்தது முழுக்க நிமிரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார் டாக்டரம்மா. முதல் ஊசியை அன்றைக்கே போட்டார். பிறகு கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு அட்டையைக் கொடுத்து, தினமும் அந்தக் கண்ணால் பார்த்து, எங்கே வளைகிறது என்று பென்சிலால் குறிக்கச் சொன்னார். டிவிக்கு மட்டும் இன்னும் மூன்று நாள் தருவதாகவும் சொன்னார்.

வளைந்ததை நிமிர்த்துவது எளிது என்றுதான் வீடு வரும்வரை நினைத்தார். சேர்த்தவற்றை எடுத்துவிட்டால் தீர்ந்தது. கம்ப்யூட்டரைத் திறந்த பிறகுதான் வினை புரிந்தது. நடுக் கோடுகளில் வரிசையாக நின்ற ‘சும்மா இரு’க்களில், எவை சிப்புக்காக முன்பே வைத்தவை, எவை தன் கண்ணுக்காகப் பின்னால் வைத்தவை என்று எந்தக் குறிப்பும் இல்லை. எல்லாம் ஒரே முகம். கண் தராசாக இருந்தபோது எழுதி வைக்கத் தேவைப்படவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத்தான் தீர வேண்டும். பார்ப்பதற்கோ வலது கண் பொய் சொல்கிறது, இடது கண்ணுக்கு மயிரிழைக் கணக்கு பிடிபடாது.

இரண்டு நாள் தனியாக முட்டிப் பார்த்தார். ஒன்றை எடுப்பார், வைப்பார், எதை எடுத்தோம் என்று மறப்பார். பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மைத்துனன் போன் செய்தபோது மனைவி, அவர் வேலையாக இருப்பதாக மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை, இரண்டு கைகளாலும் அந்த டப்பா டிவியை மேஜையோடு அரைவட்டம் சுற்றினார். வயர் போதாமல் இழுத்தது. கீழே குனிந்து அதை அவிழ்த்து நீட்டிவிட்டார். திரை முழுவதுமாக, திறந்த கதவு வழியே தையல் மெஷின் பக்கம் திரும்பியதும், கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு, பதினொன்றுக்கு முதுகைக் காட்டி, அவள் சொல்லுக்குக் காதைக் கொடுத்து உட்கார்ந்தார்.