பாட்டுக்கு முந்தைய மூச்சு

கள்ளிக்குப்பத்தில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அன்று மடிக்கணினி திறந்திருந்தது. திரையில் கட்டம் கட்டமாக எண்கள் மேலிருந்து கீழே ஓடின. டிராக்கர் என்று அந்த மென்பொருளுக்குப் பெயர். சின்னச் சின்ன ஒலிப்பதிவுகளைக் கட்டங்களில் அடுக்கினால் பாட்டாகும். பக்கத்தில் என் தங்கையின் கணவர் உட்கார்ந்திருந்தார். கோவில்பதாகையில் அவர்கள் போகும் கிறிஸ்தவ சபையில் கீபோர்டு வாசிப்பவர். தங்கை இறந்து ஒரு வருடம் ஆக இருந்தது. நினைவு ஆராதனையில் அவள் குரலே பாட வேண்டும் என்பது அவர் ஆசை.

கடைசி மாதங்களில் அவளால் ஓர் அடிக்கு மேல் சேர்ந்தாற்போல் பாட முடியவில்லை. அடி அடியாக அவர் போனில் பாடி வைத்திருந்தாள். அவற்றை ஒவ்வொன்றாக டிராக்கரில் ஏற்ற வேண்டுமே என்று மலைத்துத்தான் மாப்பிள்ளை என்னிடம் வந்தார். "கம்ப்யூட்டர்லயே பொழப்ப ஓட்டுன ஆளு நீ. மொத்தமா ஏத்திக் குடு மச்சான்" என்றார்.

நிரல் எழுதினேன். பதிவின் தொடக்கம் வெறுமையாக இருந்தால் குரல் தாளத்துக்குப் பிந்தி விழும். ஆகவே குரல் எழும்வரை உள்ள மெல்லிய சத்தத்தையெல்லாம் நறுக்கிவிடும்படி எழுதினேன். நகல் எடுக்கவில்லை. நறுக்கியதை மூலப் பதிவின் மேலேயே எழுதவிட்டேன். மடிக்கணினிக்கு மாற்றியதும், போனில் இடமில்லை என்று அதில் இருந்தவற்றை அழிக்கச் சொன்னவனும் நானே.

ஓடவிட்டோம். தாளம் துளியும் பிசகவில்லை. பெருமையோடு திரும்பினேன். அவர் முகம் இருண்டிருந்தது.

"இன்னா மச்சான், அவ மூச்சக் காணோம்?"

ஒவ்வோர் அடிக்கும் முன்னால் அவள் சிரமப்பட்டு இழுத்த மூச்சு. "அத்தக் கேட்டாத்தான் அவ பக்கத்துல கீற மாரி தோணும்" என்றார். என் நிரலுக்கு அது வெறும் இரைச்சல். அந்தக் கணமே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும், "காப்பி பண்ணும்போது உங்க போன்தான் முழுங்கியிருக்கும் மாப்ள" என்றேன்.

நம்பினார். "பாழாப்போன போனு. உடு மச்சான், நீ இன்னா பண்ணுவ" என்று என்னைத் தேற்றவும் செய்தார்.

ஆராதனையில் பாட்டு தொடங்குமுன் ஒலிபெருக்கியில் ஒரு மூச்சு கேட்டது. கரகரத்த, இளைக்கும் ஆண் மூச்சு. மாப்பிள்ளை தன்னுடையதைப் பதிந்து ஒவ்வோர் அடிக்கும் முன்னால் வைத்திருந்தார். அவர் இழுத்தார், அவள் பாடினாள்.

முடிந்ததும் என்னருகே வந்து, "எப்டி மச்சான், மூச்சு சரியான எடத்துல வுழுந்துதா?" என்றார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நல்லாயிருந்துது மாப்ள" என்று வந்தது.

இன்றும் பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் போனைத் திட்டுகிறார். நானும் சேர்ந்து திட்டுகிறேன்.