பைக்குள் ஓர் அப்பளம்

ஒரு பை மழைக்குத் தாங்குமா தாங்காதா என்று பார்க்க உலகத்தில் எத்தனையோ வழி இருக்கலாம். எங்கள் வீட்டில் ஒரே வழிதான்: பொரித்த அப்பளம். பைக்குள் அப்பளத்தை வைத்து, பையை சைக்கிள் கேரியரில் கட்டி, கொட்டுகிற மழையில் வாய்க்கால் மதகு வரை போய்த் திரும்ப வேண்டும். வந்ததும் அப்பளத்தை உடைக்க வேண்டும். நொறுங்கினால் பை பாஸ். வளைந்தால் பெயில். இதைக் கண்டுபிடித்தவர் என் அப்பா. சிரிக்காதீர்கள். அந்த ஐப்பசி, கார்த்திகையில் நான் தின்ற அப்பளத்துக்கு இன்றுவரை எந்தக் கல்யாணப் பந்தியும் ஈடாகவில்லை.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தோடு முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமானால் மன்னார்குடிக்கு சைக்கிள் மிதிக்க வேண்டும். வாய்க்கால் கரையோடு போகும் சாலை, இரண்டு பக்கமும் வயல், ஒதுங்க ஒரு கூரை கிடையாது. வழியில் மழை பிடித்தால் நனைய வேண்டியதுதான். என்னைத் துவட்டிக்கொள்ளலாம். நோட்டை எப்படித் துவட்டுவது?

அந்த மழைக்காலத்தில்தான் அப்பா லீவில் வந்தார். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். எங்கள் பக்கத்து ஆண்கள் வரிசையாக சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவர் போனபோது நான் இரண்டாம் வகுப்பு. அதனால் வந்து இறங்கியவரிடம் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. அம்மாவை 'வா, போ' என்பேன். அவரை மட்டும் 'வாங்க, போங்க'. ஏதாவது கேட்டால் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்வேன். அதைப் பார்த்து அத்தை விழுந்து விழுந்து சிரிப்பாள். அத்தை அப்பாவின் அக்கா, அடுத்த வீட்டுக்காரி, ஊருக்கே தெரிந்த வாய்க்காரி.

அப்பா பெட்டியைத் திறந்து எனக்கென்று ஒரு பையை எடுத்தார். நீல நிறம், உடம்பெல்லாம் ஜிப், முன்பக்கம் ஒரு பாய்மரக் கப்பல். ஆசையாகத் தோளில் மாட்டப் போனால் வார் முழங்கைக்கு மேல் ஏறவில்லை. அது இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கான பை. அப்பா என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்ளோ வளந்துட்டாளா?" என்று அம்மாவைக் கேட்டார், என்னவோ அம்மா அதை மறைத்து வைத்திருந்ததைப் போல.

"பரவாயில்லப்பா, கேரியர்ல கட்டிக்கிறேன்" என்று நான் பையைப் பிடுங்கிக்கொண்டேன். வெளிநாட்டுப் பையை விட யாருக்கு மனசு வரும்?

சில நாள் பள்ளிக்கூடத்தில் என் அலட்டல் தாங்கவில்லை. அப்புறம் வந்தது ஒரு மழை. பாதி வழியில் பிடித்து, பள்ளிக்கூட வாசல் வரை விடவே இல்லை. பையைத் திறந்தால் உள்ளே தண்ணீர் தளும்புகிறது. அறிவியல் டீச்சர் என் நோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். நீல மை சொட்டியது.

"என்னடி இது, நோட்டா, சாயம் போன சேலையா? அரைப் பரீட்சைக்குள்ள எல்லாத்தையும் திருப்பி எழுதிக் காட்டணும். இனிமே நனைஞ்ச நோட்டோட என் கிளாசுக்குள்ள காலை வைக்காத."

வகுப்பே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வந்து பையைத் தரையில் வீசி, "உங்க பையே வேணாம்! மஞ்சப்பையே போதும்!" என்று அழுதேன். அப்பா பையை எடுத்து உள்பக்கத்தை வெளியே திருப்பினார். ஜிப் ஓரமாக விரலை ஓட்டினார். கப்பலில் தொட்டி தொட்டியாகப் பற்றவைத்து, ஒரு சொட்டு கசியாமல் அடைப்பது அவருடைய வேலை. அவர் வாங்கிவந்த பையே கசிந்தால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

"கப்பலுக்கே தண்ணி போகாம அடைக்கிறவன்டி உங்கப்பன்" என்றார். "உனக்கு ஒரு சொட்டு இறங்காத பை வாங்கிக் குடுக்காம நான் பிளேன் ஏற மாட்டேன்."

வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். வீண் செலவு என்று பார்க்கிறாள் போல என நினைத்துக்கொண்டேன்.

முதலில் அந்த நீலப் பையையே அடைத்துப் பார்த்து, சோதனைக்குச் செய்தித்தாளைத்தான் உள்ளே வைத்தார். வெளியே எடுத்தால் அத்தை ஈரம் என்பாள், அப்பா ஈரமில்லை என்பார், நான் அழுவேன். ஒரு நாள் சாப்பிடும்போது இலை ஓரத்தில் கிடந்த அப்பளம் மழைக்காற்றில் தொய்ந்து போனதைப் பார்த்தார். கையில் எடுத்து வளைத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"காகிதம் மழுப்பும். இது மழுப்பாது" என்றார்.

மறுநாள் அப்பாவும் நானும் ஆளுக்கொரு சைக்கிளில் மன்னார்குடி கடைத்தெருவுக்குப் போனோம். கிளம்பும்போது தன் சைக்கிளின் முன் கம்பியில் துண்டைப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். நான் என் சைக்கிளைக் காட்டினேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவருடைய கேரியரில் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் அம்மா பொரித்துக் கொடுத்த அப்பளங்கள்.

பைக் கடைக்காரர் தடபுடலாக வரவேற்றார். அப்பா ஒரு ரெக்ஸின் பையைக் கையில் எடுத்து, "அண்ணே, ஒரு சொம்பு தண்ணி கிடைக்குமா?" என்றார். வெயிலில் வந்தவர் தாகத்துக்குக் கேட்கிறார் என்று அவரும் பானைத் தண்ணீர் கொண்டுவந்தார். அப்பா பைக்குள் அப்பளத்தை வைத்து, ஜிப்பை இழுத்துவிட்டு, தண்ணீரை அதன் தலையில் ஊற்றினார்.

"சார், சார்! பை வாங்க வந்தீங்களா, பைக்குத் தலைக்கு ஊத்த வந்தீங்களா?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே" என்று திறந்து அப்பளத்தை உடைத்தார். சத்தமே வரவில்லை. கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்பளத்தை வாங்கி அவரும் வளைத்துப் பார்த்தார். "ரெக்ஸின்ல இறங்கல சார், தையல் ஓட்டையில இறங்குது" என்று சப்பைக்கட்டு கட்டினார். எனக்கென்ன, நமத்த அப்பளத்துக்கும் ருசி உண்டு. தின்றேன்.

நனைத்த பாவத்துக்கு அந்தப் பையை வாங்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் ஒரு கான்வாஸ் பை வந்தது. மழை பட்டதும் அது எருமைக்கன்று கனம் கனத்து, காய மூன்று நாள் எடுத்துக்கொண்டு, என் வெள்ளைச் சட்டையில் பச்சைச் சாயத்தையும் இறக்கியது. யூரியா மூட்டைக்குள் வரும் பிளாஸ்டிக் உறையில் அத்தை ஒன்று தைத்துக் கொடுத்தாள். தண்ணீர் இறங்கவில்லைதான். ஆனால் வெயில் ஏறியதும் உள்ளே வேர்த்து, அப்பளம் துணி மாதிரி ஆகிவிட்டது.

மழை இல்லாத நாளில் அத்தைதான் மழை. நான் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் குடத்தைச் சாய்ப்பாள். பாதித் தண்ணீர் வேண்டுமென்றே என் தலையில் விழும். அப்பா பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் சாய்வா ஊத்துக்கா, காத்து மழை அப்படித்தான் அடிக்கும்" என்பார். தெருவே வேடிக்கை பார்க்கும்.

இதற்கிடையில் அப்பாவின் லீவு முடிந்துவிட்டது. பஸ் ஸ்டாப் எஸ்டிடி பூத்துக்குப் போய், சிங்கப்பூருக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டிடம் பேசிவிட்டு வந்து, "பத்து நாள் தள்ளிக் கேட்டிருக்கேன்" என்றார். அதுவும் போயிற்று. மறுபடி பூத். "பையோட அளவு என்ன, உன் லீவோட அளவு என்ன! பை வாங்கவாடா லீவு போட்டுட்டு வந்த?" என்று அத்தை கேட்டாள். அம்மா மட்டும் எதுவும் கேட்கவில்லை. தினமும் சலிக்காமல் அப்பளம் பொரித்துக் கொடுத்தாள்.

எனக்குத்தான் பொறுமை இல்லை. திருப்பி எழுதிய நோட்டுகளை மழைக்குப் பயந்து வீட்டிலேயே வைத்துவிட்டு, தினமும் டீச்சரிடம் பாட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். அரைப் பரீட்சை நெருங்கியது. அப்பா அந்த ரெக்ஸின் பையின் தையலெல்லாம் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, ஜிப்புக்கு மேல் ஒரு மடிப்புத் துணியும் வைத்துத் தைத்தார். அன்று நல்ல மழை. போய்த் திரும்பி அப்பளத்தை உடைத்தோம். நொறுக்கென்று சத்தம் கேட்டது, என் காதாலேயே கேட்டேன். அப்பா வாயில் போட்டு மென்றார்.

"ஓரத்துல லேசா நமத்திருக்கு" என்றார்.

நான் ஒரு துண்டைப் பிடுங்கித் தின்றேன். எங்கே நமத்திருக்கிறது? எனக்கு வந்ததே கோபம்.

"பொய் சொல்றீங்க! நல்லாத்தான் இருக்கு!"

"ஓரத்துலம்மா, ஓரத்துல..."

"அடுத்த தடவை நான்தான் தின்னு பாப்பேன். நான்தான் சொல்வேன்!"

அப்பா சிரித்துவிட்டார். "சரிம்மா. இனிமே நீதான் ஜட்ஜு. நீ சொல்றதுதான் தீர்ப்பு."

ஜட்ஜ் ஆனதும் எனக்கு மூளை வேறு வேலை செய்தது. சோதனைக்குப் போக மிஞ்சும் அப்பளங்களை அம்மா ஒரு பாலிதீன் கவரில் போட்டு, வாயை மூன்று மடிப்பு மடித்து, துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி அலமாரியில் வைப்பாள். தினமும் அதில் கையை விடுபவள் நான். வெளியே எவ்வளவு அடைமழை பெய்தாலும் அந்தக் கவருக்குள் அப்பளம் நமத்ததே இல்லை. ஒரு நாள் கிளிப்பை எடுத்த கையோடு நின்றுவிட்டேன். அப்புறம் கத்திக்கொண்டு ஓடினேன்.

"அப்பா! ஜிப்பே வேணாம்ப்பா! வாயை மடிச்சு மடிச்சு கிளிப் போட்டா என்ன?"

அப்பா கவரை வாங்கிப் பார்த்தார். மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நான் எதிர்பார்த்த அளவு அவர் குதிக்கவில்லை. என் தலையில் கை வைத்து, "உனக்கு இருக்கிற மூளை எனக்கில்லையே" என்றார். பிறகு, "பாப்போம், அவசரம் ஒண்ணுமில்லையே" என்றார்.

"நாளைக்கே போலாம்ப்பா! பரீட்சை வருது!" என்றேன்.

நெல் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடையில் போய்த் தைத்தோம். தையலுக்கு மேல் உள்ளேயும் வெளியேயும் பட்டை ஒட்டச் சொல்லி அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்தார். காக்கி நிறம். கப்பலுமில்லை, படமுமில்லை. வாய்க்கு ஒரு முழ நீளம் கூடுதல் துணி, அதை மடித்து இறுக்க இரண்டு பக்கிள். அத்தை பார்த்துவிட்டு, "லாரிக்குப் பாவாடை தச்சியாடா?" என்றாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழையென்றால் மழை, எதிரே வரும் மாடு தெரியவில்லை. நானும் அப்பாவும் சைக்கிளை எடுத்தோம். பை என் கேரியரில். மதகு போதாது, பாமணி ஆற்றுப் பாலம் வரை போவோம் என்றார் அப்பா. ஆறு கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. திரும்பும்போது யார் முந்துவது என்று போட்டி வைத்தோம். வாயைத் திறந்தால் வாய்க்குள் மழை. நான் முன்னால் போய்த் திரும்பிப் பார்த்து, "சீக்கிரம் வாப்பா! வா, வா!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் 'வாங்க' என்று சொல்லவில்லையே என்று உறைத்தது. அப்பா திட்டவில்லை. நனைந்த மீசையோடு சிரித்துக்கொண்டே மிதித்து வந்தார்.

வாசலில் அம்மாவும் அத்தையும் காத்திருந்தார்கள். அப்பா பக்கிளைக் கழற்றி, மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்து, அப்பளத்தை எடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டு இரண்டாக உடைத்தார். மழைச் சத்தத்தையும் மீறி அது நொறுங்கியது. பாதியை ஜட்ஜிடம் நீட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு மென்றேன்.

"எப்படிம்மா இருக்கு?"

"மொறுமொறுன்னு இருக்குப்பா!"

"நல்லா பாத்துச் சொல்லு. ஓரத்துல?"

இன்னொரு கடி கடித்தேன். "ஓரத்துலயும்தான்!"

வாசலிலேயே நான் குதித்த குதியில் சேறு அத்தை புடவையெல்லாம் தெறித்தது. அவள் திட்டிக்கொண்டே சிரித்தாள். அதுவரை சோதனை அப்பளத்தைத் தொட்டே பார்க்காத அம்மா, அப்பாவின் கையிலிருந்த மீதிப் பாதியை வாங்கி மெதுவாகத் தின்றாள். நிஜமாகவே நமத்துப் போகவில்லையா என்று அவளும் பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா எஸ்டிடி பூத்துக்குக் கிளம்பியபோது புதுப் பையைக் காட்டுவதற்காக நானும் கூடவே போனேன். அவர் கண்ணாடிக் கதவுக்குள் நின்று ஏஜெண்டிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் வெளியே பூத்துக்காரரிடம், ஒரு சொட்டு இறங்காது, எங்கப்பா கப்பலுக்கே அடைக்கிறவர் என்று மடிப்பை மடித்து மடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாரமே அப்பா பிளேன் ஏறினார்.

அரைப் பரீட்சையில் அறிவியலில் நல்ல மார்க். அந்தப் பை பள்ளிக்கூடம் முடிந்து, காலேஜும் முடியும் வரை உழைத்தது. ஒரு நாளும் ஒரு தாள் நனைந்ததில்லை. அப்பா அதை மறுபடி பார்த்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. எனக்கு மறுபடியும் 'வாங்க, போங்க' ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்று என் பிள்ளை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, பை நனையாதாம்மா என்று கேட்டால் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பளம்தான் ஞாபகம் வருகிறது. லேசாக நமத்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா இன்னும் பத்து நாள் இருந்திருப்பார். அதைச் சொல்லச் சொல்லித்தான் அவர் இரண்டு முறை கேட்டார். நான் இரண்டு முறையும் உண்மையைச் சொன்னேன்.