வாங்கிக்கலாமுங்க

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி ஒரு வயர்லெஸ் டேக் செய்கிறது. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. அதை ஒட்டிய சாமான் குடோனில் எந்த மூலையில் கிடக்கிறது என்று சாண் பிசகாமல் போனில் காட்டிவிடும். அல்ட்ரா வைட்பேண்ட் என்று பெயர். ப்ளூடூத்தெல்லாம் இதன் கால் தூசிக்கு வராது என்று எங்கள் விற்பனைப் பிரிவு பீற்றிக்கொள்ளும். ஆனால் நாற்பது அடி தாண்டினால் அதற்கு வாயடைத்துப்போகும்.

கோயம்புத்தூர்ப் பக்கம் இதற்கு மார்க்கெட் இருக்கிறதா என்று பார்த்து எழுத என்னை அனுப்பினார்கள். இருந்தால் அங்கே ஒரு கிளை திறப்பார்கள், பொறுப்பு எனக்கு. போத்தனூரில் என் கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். கல்யாணமாகி ஆறு வருஷம், அதில் ஐந்து வருஷம் சனி ஞாயிறு குடித்தனம்தான். பட்டறையைத் தூக்கிக்கொண்டு அவர் வர முடியாது. வேலையை விட எனக்கு மனசில்லை, அதை மறைப்பானேன். ஆக, கொங்கு நாட்டில் டேக் விற்றால் நான் வீட்டுக்கு வரலாம். மார்க்கெட்டைப் பற்றி எழுத இதைவிட மோசமான ஆளைத் தேடினாலும் கிடைத்திருக்காது.

இரண்டு வாரம் அலைந்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் கணவர் எப்படி இருப்பார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தலைமுடியில் இரும்புத்தூள் மினுங்க வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கரண்ட்காரர்களைத் திட்டுவார். சனிக்கிழமைகளில் எனக்குக் கிடைப்பவர் குளித்துத் தலை சீவியவர். எனக்கு இந்த அழுக்கு ஆள்தான் வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

காங்கேயத்தில் எண்ணெய் மில் முதலாளி ஒருவர் டேக்கை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாருக்குதுங்க அம்மணி. வாங்கிக்கலாமுங்க" என்று சொல்லி இளநீர் வெட்டச் சொன்னார். பல்லடத்துத் தறி ஷெட்டுகளிலும் அதே பதில், இளநீருக்குப் பதில் டீ. எங்கள் ஊரில் தேடி வந்தவர் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். என் அம்மா ஒரு புடவை வியாபாரியை இதே வார்த்தை சொல்லி வருஷக்கணக்கில் வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறார். எல்லாம் தெரிந்த நான்தான் ஒவ்வொரு பெயருக்கும் நேரே 'வாங்குவார்' என்று எழுதினேன்.

கோழிப்பண்ணை நடத்தும் ஒரு அம்மா மட்டும் என்னைப் போட்டு வறுத்தெடுத்தார். பண்ணைத் தூசி உள்ளே போனால் என்ன ஆகும், பேட்டரி எத்தனை நாள் வரும், இந்த விலைக்கு எவன் வாங்குவான் என்று ஒன்றையும் விடவில்லை. அவர் பெயருக்கு நேரே 'வாங்கமாட்டார்' என்று எழுதிவிட்டு, வீட்டில் வந்து பொரிந்து தள்ளினேன்.

என் கணவர் கை கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அந்தம்மா ஒருத்தருதான் கண்ணு வாங்குவாங்க. மத்தவங்கெல்லாம் உனக்கு டீ குடுத்துருக்காங்க" என்றார்.

எனக்குத் தெரியாததையா சொல்லிவிட்டார்? ஆனாலும் ஆத்திரம் வந்துவிட்டது. நான் இங்கே வருவது பிடிக்கவில்லையா என்று கேட்டுவிட்டேன். அவர் குழாயை மூடாமலே நின்றுகொண்டிருந்தார். பிறகு, பொய்யை நம்பிக் கிளை திறந்தால் ஆறு மாசத்தில் மூடிவிடுவார்கள், அப்புறம் எனக்கு அந்த வேலையும் இருக்காது என்று மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அறிக்கையைத் திருத்தினேன். இப்போதைக்கு வாங்கும் எண்ணம் உள்ளவர் ஒரே ஒருவர், தூசியும் விலையும் சரியானால் இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் போத்தனூர் ஜங்ஷனுக்கு என்னை ஏற்றிவிட வந்தார். சாப்பாட்டுப் பையை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு அடிகூட இல்லை.

"ரெண்டு வருசத்துல வந்துருவியா கண்ணு?" என்றார்.

"வந்துரலாமுங்க" என்றேன்.

அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.