வெள்ளை வேன்

நானும் என் மனைவியும் வீடாக மாற்றிய பழைய வேனை பழவேற்காட்டுக் கரையில் நிறுத்தியதும், படகுக்காரர்கள் ஓட்டம் பிடிக்கிறார்கள். ஏரிக்குள் பூநாரைகள் நிற்கின்றன. வெயில் ஏறினால் பறந்துவிடுமாம். ஒருவர் மட்டும் துடுப்பை ஓங்கிக்கொண்டு நிற்கிறார்.

"குடும்பக் கட்டுப்பாட்டு வண்டிதானே? கிட்ட வராதே நைனா!"

வேனுக்கு ஆஸ்பத்திரி வண்டி மாதிரி வெள்ளைப் பெயிண்ட் அடித்தது என் அறிவு. "ஊர் சுத்திப் பாக்க வந்திருக்கோம்ணே, இதுதான் எங்க வீடு" என்று பின்கதவைத் திறக்கிறேன்.

"அய்யோ, கட்டிலு வேற ரெடியா கீது!"

மனைவி கட்டிலுக்கடியிலிருந்து தோசைக்கல்லை இழுத்துக் காட்டுகிறாள். "இத வச்சா ஆபரேசன் பண்ணுவாங்க?"

துடுப்பு இறங்குகிறது, எங்களை ஏற்றிக்கொண்டு படகு கிளம்புகிறது. தலைக்கு மேல் வானமெங்கும் இளஞ்சிவப்புச் சிறகுகள்! நான் குழந்தையாய்க் கூவுகிறேன். படகுக்காரர் மட்டும், நான் பைக்குள் கையை விடும்போதெல்லாம், லுங்கியை இறுக்கிக்கொள்கிறார்.