கழுத்துக்கு மேல் இல்லாத வீடியோ

எங்கள் தள்ளுவண்டிக் கடை செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி இருக்கிறது. சாயங்காலமானால் என் வீட்டுக்காரர் பரோட்டா வீசுவார், நான் சால்னா ஊற்றுவேன். கல்லுச் சூட்டுக்கு அவர் எப்போதும் கையில்லாத பனியன்தான். கேஸ் தீர்ந்துடுமோ, மழை வந்துடுமோ, வண்டியை எடுக்கச் சொல்லிடுவாங்களோன்னு நான் பயப்படாத விஷயம் இல்லை. எட்டாவதோடு நின்றவள்தான், ஆனால் கவலைப்பட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்டவளுக்கு அவர் தோளைப் பற்றிப் பயப்படணும்னு மட்டும் தோணவே இல்லை.

யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் பூக்கட்டும் அக்காதான் காட்டினாள். மாவை வீசுகிற கை, வேர்த்த கழுத்து, தோள். அதோடு வெட்டியிருந்தது. முகம் இல்லை. பரோட்டாகூட சரியாகத் தெரியவில்லை.

“என்னாடி, உன் வூட்டுக்காரருக்கு ஹார்ட்டு ஹார்ட்டா போட்டிருக்காளுங்க!”

“மூஞ்சியே இல்லியேக்கா, அவருன்னு எப்படிச் சொல்ற?”

“தோள்ல அந்தத் தழும்பு வேற யாருக்குடி இருக்குது?”

எண்ணெய் தெறித்து வந்த தழும்பு அது. மஞ்சள் பத்துப் போட்டு ஆற்றியவள் நான். அது இவளுக்கு எப்படித் தெரியும்னு அன்றைக்கு முழுக்க அவள் மேலேயும் சந்தேகம். கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘பரோட்டா வேணாம், மாஸ்டர பார்சல் பண்ணுங்க’ என்று ஒருத்தி. போனை அக்கா கையிலேயே திணித்துவிட்டு வந்தேன்.

அப்புறம் பெண்கள் கூட்டம் வந்தது. “அண்ணா, இன்னொரு வாட்டி வீசுங்கண்ணா” என்று போனைத் தூக்கிப் பிடிப்பார்கள். வாய் அண்ணாங்குது, கண்ணு வேற எங்கேயோ மேயுது. எனக்கு அதுதான் ஜாஸ்தி ஆத்திரம். தட்டில் பாதி பரோட்டா அப்படியே கிடக்கும்.

அவர் முதலில் சிரித்தார். பிறகு ராத்திரிச் சோற்றைக் குறைத்தார். பைக் கண்ணாடியில் வயிற்றை எக்கிப் பார்த்தார். ஒருநாள் குளித்துவிட்டு வந்தபோது நெஞ்சு ஒரு முடிகூட இல்லாமல் வழவழவென்று இருந்தது.

“என்னா மாமா இது கோலம்?”

“வேர்க்குதுடி.”

யாருக்காக என்று நான் கேட்கவில்லை. பதில் வந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பெண்கள் மேல் இருந்த பொறாமை போனுக்கும் தாவி, கடைசியில் பைக் கண்ணாடி மேலேயும் வந்தது. ஒரு துணியால் அதை மூடிக்கூட வைத்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜிம் போர்டு ஒன்று உண்டு. அதிலும் தலையில்லாத ஆம்பளைதான். இத்தனை வருஷம் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். பொம்பளையை இப்படித் துண்டு துண்டாகப் பார்த்தால் திட்ட வார்த்தை இருக்கிறது. கடையில் நின்று அந்தப் பார்வையை வாங்கியவள் நான், திட்டியும் இருக்கிறேன். ஆம்பளையைப் பார்த்தால் மட்டும், “நீ குடுத்து வெச்சவ” என்று என்னிடமே வந்து சொல்கிறார்கள்.

முழுக்கைச் சட்டை ஒன்று வாங்கி வந்தேன்.

“கல்லு முன்னாடி இதப் போட்டா வெந்துடுவேன்டி.”

“வேகுங்க.”

போட்டுக்கொண்டார். அன்றைக்கு வந்த ஒரு பெண் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள், “அக்கா, வீடியோல வர்ற மாஸ்டர் இன்னிக்கு லீவா?”

அவர் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போதுதான் பேசினார். “மூஞ்சியப் பாத்தா ஆளே தெரியல பாத்தியா, அந்தப் பொண்ணுக்கு.”

ஜெயித்துவிட்ட மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

பௌர்ணமிக்கு நாங்கள் கடை போடுவதில்லை, கிரிவலம் போவோம். கல்யாணம் ஆனதிலிருந்து வழியில் வரும் முதல் லிங்கக் கோயிலிலேயே அவர் சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் மீதி மலையைச் சுற்றுவார். இந்தத் தடவை லிங்கம் லிங்கமாகத் தாண்டியும் சட்டை உடம்பிலேயே இருந்தது. முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. எங்களைச் சுற்றி எத்தனையோ ஆம்பளைகள், தொப்பையும் திருநீறுமாக, வெற்றுடம்போடு போகிறார்கள்.

“கழட்டுங்க மாமா.”

“எவளாவது எடுப்பா.”

“சாமி முன்னாடியா?”

“சாமி பாக்கறதப் பத்திக் கவலையில்ல.” சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார், “நீ அந்தப் பக்கம் பாத்து நில்லு. யாராச்சும் போனத் தூக்கினா சொல்லு.”

அடுத்த லிங்கத்து வாசலில் அவருக்கு முதுகைக் காட்டி, முந்தானையை விரித்துப் பிடித்து, கூட்டத்தைப் பார்த்து நின்றேன். பின்னால் பட்டன் ஒவ்வொன்றாக அவிழ்கிற சத்தம். எனக்கு மட்டும் வேண்டும் என்று நான் அடம்பிடித்த உடம்பு பின்னால் இருக்க, ஊரைப் பார்த்துக் காவல் நின்றுகொண்டிருந்தேன்.

ஒருத்தரும் போனைத் தூக்கவில்லை. இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அதுக்கும் எனக்குக் கோபம் வந்தது.