கழுகு முகமூடிக்காரனின் தாய்

எனக்கு எண்பத்தோரு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு என் வயிற்றில் பிறந்தவை, ஒன்று செத்துப்போன என் நாத்தனாரின் பெண். யார் வாசலிலும் போய் நிற்காமல் வளர்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்கொண்டு படித்துவிட்டு யாரும் என்னைப் பாவம் என்று சொல்லக் கூடாது.

எழுதப் படிக்க எனக்கு ரொம்ப நாள் தெரியாது. இப்போது தெரியும், எழுத்தெழுத்தாகக் கூட்டி. எதனால் கற்றுக்கொண்டேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் காலமான பிறகு விதைக் கடலை உடைத்துக் கொடுக்கும் வேலை பார்த்தேன். மெஷினில் போட்டால் பருப்பு இரண்டாகிவிடும், முளைக்காது. விதைக்கு என்றால் கையால்தான் உடைக்க வேண்டும். மூட்டை வீட்டுக்கே வரும். பெரியவர்கள் நான்கு பேரும் கல்யாணமாகி ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். கடைசி மகன் மட்டும் என்னோடு. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தான். மதியம் சாப்பிட்டதும் எனக்கு எதிரே படுத்துக்கொண்டு படக்கதைப் புத்தகம் படிப்பான். அப்போதெல்லாம் பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை அது தொங்கும்.

"நீ மட்டும் சிரிச்சா எப்படி? சத்தமாப் படிடா, நானும் கேக்குறேன்" என்றேன் ஒருநாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

அதில் கழுகு முகமூடி போட்ட ஒரு வெள்ளைக்காரன் வருவான். பகலில் தபாலாபீசில் முத்திரை குத்துகிற சாதாரண ஆள். எங்காவது ஆபத்து என்றால் முகமூடியை மாட்டிக்கொண்டு பறந்துபோவான். அவனுக்குத் துணையாக, ஓடுகிற ஆற்றைக் கைகாட்டி நிறுத்துகிற ஒரு பெண்ணும், பாறையைத் தோளில் தூக்குகிற ஒரு குண்டனும் உண்டு. எல்லாரும் எனக்குப் பக்கத்து வீட்டு ஆட்கள் மாதிரிப் பழகிப்போனார்கள். அந்தக் குண்டனுக்கு யார் வடித்துப் போடுகிறார்களோ என்று நான் கவலைப்பட்டதுண்டு. ஆனால் எல்லாரையும்விட எனக்குப் பிடித்தது கழுகுக்காரனின் தாய். தலை நரைத்தவள், வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். மகன் படத்தை என் முகத்துக்கு நேரே பிடித்து வாசிப்பான்: "போய் வா மகனே. நாலு பேருக்கு உதவப் பிறந்தவன் நீ. என் கவலையைப் பார்க்காதே."

"தாயின்னா இவதான்டா" என்பேன்.

"ஆமாம்மா" என்பான், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே.

மஸ்கட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருநாள் வந்து நின்றான். முடியாது என்றேன். எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. தாய் கையால் திருநீறு வாங்காமல் யாரும் ஊர் தாண்டிப் பயணம் போவதில்லை. அவள் பூசமாட்டேன் என்றால் பயணம் இல்லை. அதற்கு மேல் பேச்சும் இல்லை. அவனும் சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான்.

அந்த வாரம் புத்தகத்தில் கழுகுக்காரனின் தாய்க்கிழவி நிறையப் பேசினாள். "கடல் தாண்டிப் போனால்தான் என்ன? பெற்றவள் தடுத்தால் பிள்ளைக்கு ஏது சிறகு?" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்கு இருக்கிற மனசு எனக்கு இல்லையா என்று ரோஷமும் வந்தது. நானே கூப்பிட்டு, திருநீறு பூசி அனுப்பினேன்.

அவன் போய்க் கொஞ்ச நாளில் எதிர்வீட்டில் டிவி வாங்கினார்கள். அந்த வீட்டம்மா உருது பேசுகிறவர், இந்தி நன்றாகப் புரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே அங்கேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள், கழுகு முகமூடிக்காரன் கார்ட்டூனாக வந்துவிட்டான் என்று. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போவதுபோல் சேலை மாற்றிக்கொண்டு போனேன். உட்கார்ந்திருந்த பெண்களிடம் பெருமையாகச் சொன்னேன்: "இப்பப் பாருங்க, அம்மாட்ட போயிட்டு வாரேன்னு சொல்லாம பறக்க மாட்டான்."

அவன் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்தான், குதித்தான், போய்விட்டான். தபாலாபீசையும் காணோம். அவனுக்குக் கண்ணாடியில் ஒரு பெரிய மாளிகை. குண்டனை ஒல்லியாக்கிக் கோமாளி ஆக்கியிருந்தார்கள். ஆற்றை நிறுத்துகிற பெண் அவனோடு ஓயாமல் சண்டை பிடித்தாள்.

"அம்மா எப்ப வருவா?" என்று எதிர்வீட்டம்மாவைக் கேட்டேன்.

அவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவனுக்கு அம்மாவே இல்லையாம்க்கா. பச்சப் புள்ளையா இருக்கும்போதே மௌத்தாப் போயிட்டாங்களாம்."

பின்னாலிருந்து ஒருத்தி, "ஒங்க கெழவி மஸ்கட்டுக்குப் போயிட்டா போல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"டிவிக்காரன் மாத்திப்புட்டான். குண்டனையே ஒல்லியாக்குனவனுக்கு ஒரு கெழவியக் கொல்ல எம்புட்டு நேரமாகும்?" என்று எழுந்தேன். வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியிலிருந்து புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்தேன். அந்த வீட்டுப் பெரிய பெண் காலேஜில் படிப்பவள். கிழவி இருக்கிற பக்கத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன். "எல்லாருக்கும் கேக்குற மாதிரிப் படி தாயி."

அவள் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"படிங்கிறேன்ல."

"இது அவன் அம்மா இல்ல பெரியம்மா. அவன் குடியிருக்கிற வீட்டோட சொந்தக்காரம்மா."

"என்ன சொல்றா?"

"'மாடியிலருந்து குதிச்சுக் குதிச்சு ஓடெல்லாம் நொறுங்கிப்போச்சு. நாளைக்கே வீட்டைக் காலி பண்ணு'ன்னு போட்டிருக்கு."

அடுத்த புத்தகத்தைக் கொடுத்தேன். அதிலும் காலி பண்ணச் சொல்லித்தான் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். டிவிக்காரன் எதையெதையோ மாற்றியிருந்தான். ஆனால் தாய் விஷயத்தில் அவன் பொய் சொல்லவில்லை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

மகன் லீவில் வந்தான். சென்ட் பாட்டில், போர்வை, டேப் ரிக்கார்டர் எல்லாம் கொண்டுவந்தான். சாப்பிடவிட்டேன். பிறகு புத்தகத்தை முன்னால் வைத்தேன்.

"இந்தக் கெழவி யாருடா?"

முதலில் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் தலையைக் குனிந்துகொண்டான். "ஒன்னய அழ வச்சுட்டுப் போக மனசு வரலம்மா."

"அழுதிருப்பேன். அழுதுட்டு, மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

"அதுக்காகத்தாம்மா."

அவன் போனதற்கு எனக்குக் கோபமில்லை. சம்பாதித்தான், மாதம் தவறாமல் அனுப்பினான், நல்லவன்தான். ஆனால் அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த 'மாட்டேன்' ஒன்றுதான். அதை என்னிடம் கேட்டு வாங்காமல், எனக்கே தெரியாமல் எடுத்துக்கொண்டான். பெருமையாக நினைத்துப் பூசினேனே, அந்தத் திருநீறு யாரோ ஒருத்தி வாடகைக்காரனைத் துரத்துகிற படத்துக்கு இவன் இட்டுக்கட்டிய பேச்சைக் கேட்டுப் பூசியது. வேறு யார் ஏமாற்றியிருந்தாலும் மறந்திருப்பேன்.

லீவு முடிந்து கிளம்பும்போது வழக்கப்படி என் முன்னால் வந்து நெற்றியைக் காட்டினான். "நீயே எடுத்துப் பூசிக்க" என்றேன். தானே பூசிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வந்தான், போனான். நான் பூசவில்லை. அவனும் கேட்கவில்லை.

பிறகு எங்கள் சந்தில் சாயங்காலம் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வந்தபோது, முதலில் போய் உட்கார்ந்தது நான்தான்.

கண் இப்போது மங்கிவிட்டது. எழுதியதை என்னாலேயே படிக்க முடியவில்லை. அந்தக் கடைசி மகனின் மகள் என்னிடம் இருந்துதான் காலேஜ் போகிறாள். நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "அப்பத்தா, எங்கப்பாவத் திட்டியா எழுதுற?" என்று நேற்றே கேட்டாள்.

இந்தா தாயி, வா. மொதல்லருந்து படி. ஒன் அப்பன் வர்ற எடத்துல முழுங்காத. எனக்கு நல்லாருக்கட்டும்னு நீயா ஒரு சொல்லும் சேக்காத. நான் எழுதுனது மட்டும், அப்படியே, சத்தமாப் படி.